மதுரையில் குழு, சென்னையில் மேலாளர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்து பணிபுரிவோரை அலுவலகத்துக்குத் திரும்ப அழைப்பது சரியா என்ற விவாதம் எங்கு நடந்தாலும், வீட்டிலிருப்பவர் ஒழுங்காக வேலை செய்வாரா என்ற கேள்வியில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. அவரை வேலை வாங்குகிறவருக்கு வேலை வாங்கத் தெரியுமா என்று எவரும் கேட்பதில்லை. 2020 மார்ச் ஊரடங்கின்போது சென்னையிலிருந்து மடிக்கணினியோடு ஊர் திரும்பியவர்களில் நானும் ஒருவன். இன்று திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கும் ஒன்பது பேர் கொண்ட மென்பொருள் குழுவைத் திருநகரில் என் வீட்டு மாடி அறையிலிருந்து நடத்திவருகிறேன். அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

மதுரையை ஒட்டி இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தமிழக அரசின் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் இருக்கின்றன. மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கு 2025-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் அங்கே வந்து அமரப்போகிறவர்களில் பலருக்கும் மேலாளர் சென்னையிலோ பெங்களூருவிலோதான் இருப்பார் என்பதால், கட்டடம் எழும்பிய பிறகும் இந்தச் சிக்கல் நம்மை விடப்போவதில்லை.

நான் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில், விசைப்பலகையைச் சில நிமிடம் தொடாவிட்டால், அலுவலக அரட்டைச் செயலியில் நாம் வேலையில் இருப்பதைக் காட்டும், பெயருக்கு அருகிலுள்ள பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். என் மேலதிகாரி ஒருநாள், "பதினோரு மணிக்கு மஞ்சளா இருந்துச்சே, எங்க போயிட்டீங்க?" என்று தொலைபேசியில் கேட்டார். நான் அப்போது அவருக்கான வேலைத் திட்டத்தைத்தான் காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தேன். அதே அலுவலகத்தில் ஓர் இளைஞர் மேசை மின்விசிறியில் நூலைக் கட்டி, மவுஸ் தானாக அசைந்துகொண்டே இருக்கும்படி செய்திருந்தார். அந்தப் பொறியியல் மூளைக்கு உருப்படியான வேலை கொடுக்காதது யார் குற்றம் என்று இன்றும் எனக்குத் தோன்றுவதுண்டு. எந்த நாளுக்குள் எது முடிய வேண்டும், முடிந்தது என்பதற்கு எது அடையாளம் என்று முதலிலேயே பேசிக்கொண்டுவிட்டால், புள்ளியின் நிறத்தைப் பார்க்க வேண்டிய தேவையே மேலாளருக்கு வராது.

கண்காணிப்பைவிட எங்களுக்குப் பெரிய நட்டத்தை உண்டாக்கியது, எழுதிவைக்கப்படாத பேச்சு. ஒருமுறை சென்னை அலுவலகத்தில் தேநீர் குடிக்கும் இடத்தில் நின்றபடியே மூன்று பேர் ஒரு முடிவை மாற்றிவிட்டார்கள். அங்கே இருந்தவர்களுக்கு அது தெரியும். மதுரையில் இருந்த நாங்கள் கைவிடப்பட்ட திட்டத்துக்காக மூன்று நாள் உழைத்தோம். யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை, சொல்ல வேண்டும் என்ற நினைப்பே அவர்களுக்கு வரவில்லை. அதன் பிறகு எங்கள் குழுவில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம்: எங்கே பேசி எடுத்த முடிவானாலும் அன்று மாலைக்குள் பொது ஆவணத்தில் ஏறவில்லை என்றால் அது முடிவே இல்லை. என்ன, யார், எப்போது என்பதோடு ஏன் என்பதையும் எழுதச் சொல்கிறேன். காரணம் தெரிந்தவர் அடுத்த சந்தேகத்தைத் தாமே தீர்த்துக்கொள்கிறார், இரவு ஒன்பது மணிக்கு என்னை அழைப்பதில்லை. ஊழியர்கள் பல நாடுகளில் பரவியிருக்கும் கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனம் தன் பணி நடைமுறைகளையெல்லாம் எழுதி, எவரும் படிக்கும்படி இணையத்திலேயே வைத்திருக்கிறது. எங்களுடையது அதில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது, ஆனாலும் பலன் தெரிகிறது. காணொளிக் கூட்டத்திலும் இதே எண்ணத்தில்தான், சென்னையில் ஒரே அறையில் இருப்பவர்கள்கூட அவரவர் கணினியில் தனித்தனியாக இணைய வேண்டும் என்று கேட்டுப் பெற்றோம். அறைக்குள் நடக்கும் குறுக்குப் பேச்சு வெளியூரில் இருப்பவர் காதில் விழவே விழாது.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டு; சென்னைக்குக் கிடையாது. சென்னையின் நாள்காட்டியையே பார்த்துப் பழகிய நான் அன்று காலை கூட்டம் வைத்துவிட்டேன். தல்லாகுளத்தில் குடியிருக்கும் சக ஊழியர் கூட்ட நெரிசலுக்கு நடுவே, சிக்னல் விட்டுவிட்டு வரும் கைபேசியில் மன்னிப்புக் கேட்டார். கேட்டிருக்க வேண்டியவன் நான். அமெரிக்க வாடிக்கையாளரின் கடிகாரமும் இப்படித்தான். நியூயார்க்கில் காலை 10 மணிக் கூட்டம் அவர்களுடைய கோடையில் நமக்கு இரவு 7.30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் 8.30 ஆகிவிடுகிறது. பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வேண்டிய அந்த நேரத்தில் ஒரே ஆளை நிதமும் உட்கார வைக்காமல் முறை மாற்றுவதும், இரவு இருந்தவரை மறுநாள் தாமதமாகத் தொடங்கச் சொல்வதும் எங்களிடம் இப்போது எழுதப்பட்ட விதி.

சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனம் தன் அழைப்பு மையத்தில் ஒன்பது மாதம் நடத்திய சோதனையைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் பிறரும் 2015-இல் கட்டுரை வெளியிட்டார்கள். வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது என்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். உழைப்புக்கு ஏற்ற பதவி உயர்வு அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதும், சோதனை முடிந்ததும் ஏறத்தாழப் பாதிப் பேர், பெரும்பாலும் தனிமை தாளாமல், அலுவலகத்துக்கே திரும்பினார்கள் என்பதும் அதே கட்டுரையில்தான் இருக்கின்றன. இரண்டையும் இங்கே கண்ணால் காண்கிறேன். ஆண்டு மதிப்பீட்டின்போது சென்னையில் எதிரே உட்கார்ந்திருப்பவர் பெயர்தான் மேலாளர் நாவில் முதலில் வருகிறது. அதனால் ஒவ்வொருவரும் செய்ததை மாதந்தோறும் நானே குறித்துவைத்து, கணக்குப் பிள்ளையைப் போல ஏட்டை விரித்துத்தான் அவர்களுக்காக வாதாடுகிறேன். கல்லூரி முடித்த கையோடு வீட்டிலேயே வேலையைத் தொடங்கிய இளையவர்கள் சந்தேகம் கேட்கவே கூசுகிறார்கள். அவர்களுக்கு முதல் இரண்டு மாதம் மூத்தவர் ஒருவரைத் துணையாக வைக்கிறோம். மாதம் ஒருநாள் காளவாசல் பக்கம் வாடகைக்கு அறை எடுத்து எல்லோரும் கூடுகிறோம். அன்று வேலை குறைவாகத்தான் நடக்கிறது, ஆனால் சேர்ந்து சாப்பிட்டவர்கள் மறுநாள் தயங்காமல் தொலைபேசியில் அழைக்கிறார்கள்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை ஒவ்வொரு துணை மின் நிலையத்துக்கும் ஒவ்வொரு நாளில் வருவதால், என் குழுவில் யாருக்கு என்று மின்சாரம் இருக்காது என்பதைத் தங்கள் உள்ளூர்ப் பக்கத்தைப் பார்த்துத்தான் குறித்துக்கொள்கிறேன். அந்த அறிவிப்பை முந்தைய நாளுக்குப் பதிலாக இரண்டு நாள் முன்னதாக, துணை மின் நிலையத்தின் பெயரோடு வெளியிட முடிந்தால், வேலையை மாற்றிப் பிரித்துக்கொள்ள எங்களுக்கு ஒருநாள் அவகாசம் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருநகர், மதுரை.