கதவுக்குப் பின்னால் நின்றது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவர் எழுதிய கடிதம் படித்தேன். நல்ல தொடர்களைப் பாதியில் நிறுத்தினால் பார்க்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து ட்விட்டரில் சத்தம் போட வேண்டும், போட்டால் கண்டிப்பாகத் திரும்ப வரும், 'ப்ரூக்ளின் நைன் நைன்' அப்படித்தான் வந்தது என்று எழுதியிருந்தார். தம்பியின் வேகம் எனக்குப் பிடித்தது. ஆனால் அவர் சொன்னது பாதிக் கதை.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் டப்பிங் வசனம் எழுதுகிறேன். பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. சாலிகிராமத்தில் வீடு, நடந்து போகும் தூரத்தில் ஸ்டூடியோ. வாய் அசைவுக்குத் தமிழை அளந்து ஊற்றுகிற வேலை இது. திரையில் உதடு ஒட்டினால் இங்கே ஒரு 'ப'வோ 'ம'வோ வந்தாக வேண்டும். வாய் திறந்தபடி நின்றால் வசனமும் 'ஆ'வென்று முடிய வேண்டும். ஒரு தொடர் நின்றால் எனக்கு ஒரு மாத வாடகை இடிக்கும். எது ஏன் நிற்கிறது, எது எப்படிப் பிழைக்கிறது என்று அதனால்தான் விசாரித்து வைத்திருக்கிறேன்.

முதலில் தம்பி சொன்ன தொடர். அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனல் ஐந்து சீசன் ஓட்டிவிட்டு 2018 மே 10ஆம் தேதி அதை நிறுத்தியது. மறுநாள் இரவே இன்னொரு சேனலான என்.பி.சி. எடுத்துக்கொண்டது. நடுவில் ட்விட்டரில் பெரிய அமளி, பெரிய நடிகர்கள்கூடச் சேர்ந்து புலம்பினார்கள். எல்லாம் உண்மை. ஆனால் தொடரைத் தயாரித்தது யுனிவர்சல் டெலிவிஷன், என்.பி.சி.யின் சொந்தக் குடும்பத்துக் கம்பெனி. பிள்ளை என்.பி.சி. வீட்டுப் பிள்ளை, ஃபாக்ஸ் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தது. அவர்கள் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்ததும் பெற்றவர்கள் வந்து கூட்டிப் போனார்கள். ஃபாக்ஸுக்கு அந்தத் தொடரில் வந்தது பெரும்பாலும் விளம்பரக் காசு. பழைய எபிசோடுகளை ஊர் ஊராக, நாடு நாடாக விற்கிற காசு தயாரித்தவருக்கு. அமெரிக்காவில் நூறு எபிசோடை நெருங்கிய தொடருக்கு மறு ஒளிபரப்புச் சந்தையில் தனி மதிப்பு. சுமாராக ஓடுகிற தொடர்கூட எண்பதைத் தாண்டிவிட்டால் இன்னொரு வருஷம் மூச்சு விடுவது அதனால்தான்.

அடுத்ததாக 'ஸ்டார் ட்ரெக்'கைச் சொல்வார்கள். கடிதம் எழுதியே காப்பாற்றிய தொடர் என்று பெயர். 1966இல் என்.பி.சி.யில் தொடங்கியது, இரண்டாவது வருஷமே ஆட்டம் கண்டது. ட்ரிம்பிள் என்ற ரசிகத் தம்பதி மற்ற ரசிகர்களைத் திரட்டி மூட்டை மூட்டையாகக் கடிதம் அனுப்ப வைத்தார்கள். கால்டெக் என்ற கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் பர்பேங்கில் இருக்கும் என்.பி.சி. வாசலுக்கு ஊர்வலம் போனார்கள். 1968 மார்ச் 1 அன்று எபிசோடு முடிந்த கையோடு, தொடர் அடுத்த சீசனுக்கும் வரும் என்று சேனலே அறிவித்தது. சரி, அப்புறம்? வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தூக்கிப் போட்டார்கள். அதைப் பார்க்கக்கூடிய இளவட்டம் வீட்டிலேயே இருக்காத நேரம். செலவையும் குறைத்தார்கள். 1969 ஜூனில், 79 எபிசோடோடு முடிந்தது. ஆனால் அந்தக் கடைசி வருஷம் கிடைத்ததால்தான் உள்ளூர் நிலையங்களுக்கு விற்கிற அளவுக்குச் சரக்கு சேர்ந்தது. அங்கே தினமும் ஓடி ஓடித்தான் அது ஊரறிந்த தொடரானது, 1979இல் சினிமாவாகவும் வந்தது.

எனக்கு இவை எல்லாவற்றையும் விடப் பிடித்தது 'ஜெரிகோ' கதை. அமெரிக்க நகரங்களில் அணுகுண்டு வெடித்த பிறகு கான்சாஸில் ஒரு சின்ன ஊர் எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் தொடர். சி.பி.எஸ். சேனல் 2007 மே மாதம், ஒரே சீசனோடு, பக்கத்து ஊரோடு சண்டை மூண்ட இடத்தில் நிறுத்தியது. அந்தக் கடைசி எபிசோடில் சரணடையச் சொல்கிறவர்களுக்கு நாயகன் ஒரே ஒரு சொல்லில் பதில் சொல்வான்: 'நட்ஸ்'. இரண்டாம் உலகப் போரில், 1944இல், பாஸ்டோனில் ஜெர்மானியர் சரணடையச் சொன்னபோது அமெரிக்கத் தளபதி மெக்காலிஃப் சொன்ன பதில் அது. நேர்ப் பொருள் கொட்டை, கடலை. அவர் சொன்னது 'முடியாது, போங்கடா' என்கிற அர்த்தத்தில். ரசிகர்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சி.பி.எஸ். அலுவலகத்துக்கு நிலக்கடலையாக அனுப்பித் தள்ளினார்கள். இருபது டன் அளவுக்கு! நம்மூர்க் கணக்கில் இரண்டு லாரி லோடு. (அந்தத் தொடர் எனக்கு வந்திருந்தால் அந்தச் சொல்லை என்ன செய்திருப்பேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். 'போடா டேய்' என்று போட்டால் கோபம் வரும், கடலை வராது. தமிழில் கடலை போடுவது என்றால் அர்த்தமே வேறு.)

சேனல் இறங்கி வந்தது. ஏழு எபிசோடு தருகிறோம், தயவுசெய்து கடலை அனுப்புவதை நிறுத்துங்கள், ஆனால் பார்க்கிறவர் எண்ணிக்கை கூட வேண்டும் என்று நிகழ்ச்சித் தலைவர் எழுதினார். 2008 பிப்ரவரியில் ஏழும் வரத் தொடங்கின. எண்ணிக்கை கூடவில்லை. மார்ச்சிலேயே மறுபடி மூடிவிட்டார்கள்.

இருபது டன் கடலை அனுப்பத் தெரிந்தவர்கள் தொடரைப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? பார்த்திருப்பார்கள். ஆனால் அப்போது கணக்கெடுத்தது, டிவியில் என்ன ஓடுகிறது என்று குறித்துக்கொள்கிற மீட்டர் வைத்த வீடுகளில் மட்டும். கடலை அனுப்பியவர் வீட்டில் மீட்டர் இல்லையென்றால் அவர் பார்த்தது கணக்கிலேயே ஏறாது. இங்கேயும் அதேதான். யார் எதைப் பார்த்தார்கள் என்று கணக்கெடுக்கிற பார்க் அமைப்பின் ரேட்டிங் வியாழக்கிழமை வரும், அதைப் பார்த்துத்தான் எந்த சீரியலை மதியத்துக்குத் தள்ளுவது, எதைச் சீக்கிரம் முடிப்பது என்று பேச்சு நடக்கும். என் மாமியார் ஒரு சீரியலை ஆறு வருஷம் ஒரு நாள் விடாமல் பார்த்தார். கரண்ட் போனால் மறுநாள் பக்கத்து வீட்டில் கதை கேட்டுக்கொண்டு வருவார். எங்கள் வீட்டில் மீட்டர் கிடையாது. ரேட்டிங் கணக்குப்படி அவர் அந்த சீரியலைப் பார்த்ததே இல்லை.

பிழைத்த மற்றவை எல்லாம் எண்ணுகிற இடம் மாறியதால் பிழைத்தவை. 'மேனிஃபெஸ்ட்' தொடரை என்.பி.சி. 2021 ஜூனில் நிறுத்தியதற்குச் சில நாள் முன்புதான் பழைய சீசன்கள் அமெரிக்க நெட்ஃபிளிக்ஸில் ஏறியிருந்தன. அங்கே அது முதலிடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸே இருபது எபிசோடுக்கு வாங்கியது. கதையில் காணாமல் போகிற விமானத்தின் எண் 828. அறிவிப்பு வந்த நாள் எட்டாம் மாதம் இருபத்தெட்டு. வியாபாரத்திலும் குறும்பு உண்டு போலிருக்கிறது. 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரில் சிஃபி சேனலிடம் இருந்தது அமெரிக்காவில் டிவியில் முதலில் போடுகிற உரிமை மட்டும்தான். ஜனங்கள் இணையத்தில் எவ்வளவு பார்த்தாலும் அந்தக் காசு அவர்களுக்கு வராது. நிறுத்தினார்கள். ரசிகர்கள் பணம் போட்டு விமானம் அமர்த்தி, அமேசான் ஸ்டூடியோ மேலே பதாகை பறக்கவிட்டார்கள். கடைசியில் ஜெஃப் பெசோஸே ஒரு மேடையில் ஏறி, தொடர் இனி எங்களிடம் என்று சொன்னார். முதலாளிக்கே பிடித்த தொடர் என்றால் விஷயம் எளிது.

'மணி ஹெய்ஸ்ட்' விஷயத்தில் கூச்சல்கூடக் கிடையாது. 2017இல் ஸ்பெயினின் ஆன்டெனா 3 சேனலில் நாற்பது லட்சம் பேருக்கு மேல் பார்க்கத் தொடங்கிய தொடர், முடியும்போது பாதிக்கும் கீழே வந்திருந்தது. கதையும் முடிந்தது, நடிகர்களும் கிளம்பிவிட்டார்கள். நெட்ஃபிளிக்ஸ் அதை வாங்கி, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளுகிற பதினைந்து எபிசோடை இருபத்திரண்டாக வெட்டி உலகம் முழுக்கப் போட்டது. அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும், தமிழ் பேசக்கூட வந்துவிட்டது. (அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை என்ற வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை.)

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். விசு சன் டிவியில் நடத்திய 'அரட்டை அரங்கம்' நினைவிருக்கும். அவர் ஜெயா டிவிக்குப் போனபோது அதே மேடை, அதே குரல், ஆனால் பெயர் 'மக்கள் அரங்கம்'. 'அரட்டை அரங்கம்' சன் டிவியிலேயே தங்கி டி. ராஜேந்தர் கைக்குப் போனது. 2024இல் 'குக்கு வித் கோமாளி'யைத் தயாரித்துவந்த மீடியா மேசன்ஸ் சன் டிவிக்குப் போனபோதும் பெயர் விஜய் டிவியோடு நின்றுகொண்டது. அங்கே 'டாப் குக்கு டூப் குக்கு' என்று புதுப் பெயர் வைக்க வேண்டியதாயிற்று. ஒரு நிகழ்ச்சி நிற்கும்போது முதலில் கேட்க வேண்டியது, பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான். பத்திரம் வைத்திருப்பவருக்கு இன்னொரு கடையில் லாபம் தெரிந்தால் தொடர் இடம் மாறும், தெரியாவிட்டால் பீரோவுக்குள் போகும். நம் சத்தம் அந்த இன்னொரு கடைக்காரர் காதில் விழுந்தால் உதவும், அவ்வளவுதான்.

இனி என் சொந்தக் கதை. தொடரின் பெயரைச் சொல்ல மாட்டேன், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு ஓடிடி தளத்துக்காக எட்டு எபிசோடு எழுதினேன். கடைசிக் காட்சியில் நாயகன், பத்தொன்பது வயசுப் பையன், தன் குடும்பத்தைக் கெடுத்தவன் யார் என்று கண்டுபிடித்து ஒரு கதவைத் திறக்கிறான். உள்ளே இருப்பவர் முகம் நமக்குத் தெரியாது, நிழல்தான். பையன் முகம் திரை முழுக்க வருகிறது. 'இட் வாஸ் யூ' என்கிறான். படம் இருட்டாகிறது.

ஆங்கிலக்காரனுக்கு என்ன கவலை, எல்லாருக்கும் ஒரே 'யூ'. எனக்கு 'நீதானா'வா, 'நீங்களா'வா? இரண்டுமே வாயசைவுக்குப் பொருந்துகின்றன. நண்பன் என்றால் 'நீ', தம்பி என்றால் 'நீ'. அப்பா, வாத்தியார், முதலாளி என்றால் 'நீங்க'. உள்ளே இருப்பது யார் என்று தெரியாமல் தமிழில் அந்த மூன்று சொல்லை எழுதவே முடியாது. ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். அவர் மேலே கேட்டார். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: "அடுத்த சீசன் ஸ்கிரிப்ட் இன்னும் வரலையாம் மேடம், எதையாவது போடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்." அந்தப் பையன் யாரையும் சட்டென்று நீ போடுகிற ஆள் இல்லை என்ற ஒரே தைரியத்தில் 'நீங்களா' என்று எழுதினேன். டப்பிங் பேசிய தம்பி அதைக் குரல் உடையச் சொன்னபோது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்களுக்கெல்லாம் தொண்டை அடைத்தது.

அடுத்த சீசன் வரவே இல்லை. நிறுத்திவிட்டார்கள் என்று எனக்கும் பேப்பர் பார்த்துத்தான் தெரியும். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. வழக்கமான காரணம்தான் இருக்கும்: சீசனுக்குச் சீசன் நடிகர் சம்பளமும் செலவும் ஏறும், புதிதாகச் சந்தா கட்ட வருகிறவர் ஏற மாட்டார். '1899' என்ற தொடரை மூன்று சீசனுக்குத் திட்டம் போட்டு எடுத்தார்கள், ஒன்றோடு நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜனவரியில் முடித்துவிட்டது. தளம் அவர்களுடையது, காசு அவர்களுடையது, நிறுத்துவதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

ஜெரிகோவில் இன்னொரு விஷயம் நடந்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன். அந்த ஏழு எபிசோடை எடுத்தபோது அவர்கள் கடைசிப் பகுதிக்கு இரண்டு முடிவு எடுத்து வைத்துக்கொண்டார்கள். தொடர் நீடித்தால் ஒன்று, நின்றால் இன்னொன்று. நின்றது, இரண்டாவதைப் போட்டார்கள், கதை ஒரு இடத்தில் வந்து உட்கார்ந்தது. இதைச் செய்ய எல்லாருக்கும் வசதி இருக்காது, தெரியும். அப்படியானால் எழுதியவர் மனசில் வைத்திருந்த முடிவை ஒரே ஒரு பக்கம் எழுதி அந்தத் தொடருக்குக் கீழே போடட்டும். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் நான் காசு வாங்காமல் செய்து தருகிறேன். தம்பி இனிமேல் சத்தம் போடுவதாக இருந்தால் இதைக் கேட்டுப் போடலாம், இது கிடைக்கக்கூடியது.

போன மாசம் மாடிப்படியில் கீழ் வீட்டு அக்கா என்னை நிறுத்தினார். அந்தத் தொடரைத் தமிழில் பார்த்திருக்கிறார், நான் எழுதியது என்று அவருக்குத் தெரியும்.

"ஏம்மா, அந்தப் பையன் 'நீங்களா'ன்னு மரியாதையாக் கேட்டானே, அப்ப உள்ள இருந்தது அவனோட வாத்தியார்தானே? நான் அப்பவே நினைச்சேன்."

அந்த மரியாதை நான் கொடுத்தது அக்கா, எனக்கே தெரியாது என்று சொல்ல வந்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. "ஆமாக்கா, வாத்தியார்தான்" என்றேன். இப்போது எங்கள் ஃபிளாட்டில் நாலு வீட்டுக்கு அந்த வாத்தியார்தான் வில்லன்.

இப்படிக்கு,
டப்பிங் வசனம் எழுதும் வாசகி ஒருவர்,
சாலிகிராமம், சென்னை.
(பெயரைத் தயவுசெய்து போட வேண்டாம். அக்கா உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்.)