ஒல்லிக்குச் சர்க்கரையா?

அன்புள்ள தேவகி,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு எழுதவே இல்லை. திட்டுவதைச் சேர்த்து வைத்துக்கொள், நேரில் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். அவருக்கு முழங்கால் வலி, எனக்கு அவர் வலி.

விஷயம் என் பெண் நித்யாவைப் பற்றியது. ஆறாம் மாதப் பரிசோதனையில் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்க வைத்துப் பார்த்ததில் சர்க்கரை கூடுதலாம். லோகு எப்போதும் ‘கொடியில் காயப்போட்ட துணி’ என்று கேலி செய்வாளே, அந்த நித்யாவுக்கா! சம்பந்தி அம்மாள் உடனே தீர்ப்பு எழுதிவிட்டார்: “உங்கள் பக்கத்தில் யாருக்காவது இருந்திருக்கும்.”

கோபம் வந்தால் நான் புள்ளிவிவரம் படிப்பேன் என்பது உனக்குத் தெரியாததா? அவள் இருக்கும் அதே புனேயில்தான் இதைத் தோண்டித் துருவியிருக்கிறார்கள். கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் 1993இல் பக்கத்திலுள்ள ஆறு கிராமங்களில், கர்ப்பம் தரிக்கும் முன்பிருந்தே பெண்களைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5. இதில் வியப்பில்லை. அடுத்ததுதான் விஷயம், கணக்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதே. தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, இடுக்கியால் அடியிலுள்ள கொழுப்பின் தடிப்பை அளந்தார்கள். வயிறு ஒட்டி, கைகால்களில் சதை பிடிக்காத அந்தச் சிசுக்களுக்கு, மற்றதெல்லாம் குறைந்த அளவுக்கு அந்தக் கொழுப்பு மட்டும் குறையவில்லை. ஒல்லியான குண்டுக் குழந்தைகள்!

பெரியவர்களும் அப்படித்தான். யாஜ்னிக்கும் யுட்கின் என்ற ஆங்கிலேய மருத்துவரும் 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் சேர்ந்து நின்று படம் போட்டார்கள். உயரத்துக்கும் எடைக்குமான கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பிலுள்ள கொழுப்போ அவருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. வெளியே தெரியாத இந்தக் கொழுப்புதான் ஒல்லியானவர்களுக்கும் சர்க்கரையைக் கொண்டுவருகிறதாம். எடை மெஷினில் ஏறி நின்று பெருமை பேசும் உன் அண்ணாவிடம் சொல்லி வை.

படிக்கப் படிக்க உறுத்தியது வேறொன்று. இதை யார் எடுத்துச் சொன்னாலும் கடைசியில் ‘வயிற்றில் இருந்தபோது நீ என்ன தின்றாய்?’ என்று தாயின் தலையில்தான் வந்து விடிகிறது. கீரை, பால், பழம் அடிக்கடி சாப்பிட்டவர்களின் பிள்ளைகள் சற்றுப் பெரிதாகப் பிறந்தன என்பது உண்மை. வயலிலும் வீட்டிலும் அளவுக்கு மீறி உழைத்தவர்களின் பிள்ளைகள் சிறுத்துப் பிறந்தன என்பதும் அதே கிராமங்களில் கண்டதுதான். மருமகளுக்குக் கீரையின் பெருமையைச் சொல்ல ஊரே வரும். அவள் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கிக்கொள்ள யார் வருவார்?

இன்னொன்று. அந்தத் தாய்மார்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு வைட்டமின் பி12 குறைவு. பி12 குறைந்து, ஃபோலிக் மாத்திரையில் இருக்கும் ஃபோலேட் மட்டும் உயர்ந்திருந்தவர்களின் பிள்ளைகளிடம்தான் ஆறு வயதில் இன்சுலினுக்கு உடல் இணங்காத, பின்னாளில் சர்க்கரைக்கு வழிவிடும் தன்மை மிகுதியாக இருந்தது என்று 2008இல் எழுதினார்கள். ஃபோலிக் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, குழந்தையின் தண்டுவடத்துக்கு அது காவல். பி12-ஐயும் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். நித்யாவுக்கு இதுவரை யாரும் பார்க்கவில்லையாம். டாக்டரிடம் கேள் என்றேன். “அம்மா, மறுபடியும் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டாய்” என்றாள்.

தேவகி, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அவளைச் சுமந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். விடியும் முன் அடுக்களை, பகலெல்லாம் கல்லூரி, இரவில் மாமியாரின் படுக்கையருகே காவல். சாப்பிட்டாயா என்று கேட்டவள் நீ ஒருத்திதான். அதையெல்லாம் எந்தப் படிவத்தில், எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

வைகாசியில் வளைகாப்பு. சம்பந்தி அம்மாள் லட்டுத் தட்டோடு வந்து இறங்குவார். அவரைச் சமாளிக்க உன் நாக்கு வேண்டும். இப்போதே டிக்கெட் எடுத்துவிடு. ராஜி வந்தால் அவளையும் இழுத்து வா, ஆனால் பாடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
கமலா