பாடப்புத்தகம் எழுதுறவங்களே, 2147483647-க்கு ஒரு பக்கம் குடுங்க

கணக்குப் பாடப்புத்தகம் எழுதுற எல்லாருக்கும் வணக்கம்.

பகா எண் பாடத்துல 100 வரைக்கும் கட்டம் போட்டு அடிக்க வைக்கிறீங்க, அப்புறம் பகா எண்களுக்கு முடிவே இல்லைன்னு ஒரு வரி, அதோட அடுத்த பாடம் வந்துடுது. ஒரு பெரிய எண்ண எடுத்து இது பகா எண்தான்னு எப்படி அடிச்சு சொல்றதுன்னு பசங்களுக்கு யாருமே காட்டுறதில்ல. அதுக்குத்தான் கேக்குறேன், 2147483647-ஐ பாடத்துக்குள்ள கொண்டு வாங்க.

31 ரெண்டுகளைப் பெருக்கி ஒண்ணு கழிச்சா வர்ற எண் இது. கம்ப்யூட்டர்ல பிளஸ், மைனஸ் ரெண்டையும் வைக்கிற 32 பிட் (32 இரும இலக்கம்) முழு எண்ணோட உச்சவரம்பும் இதுதான், அதனால புரோகிராம் எழுதுறவங்களுக்கு நல்லாவே தெரியும். இது பகா எண்ணுன்னு 1772-லயே கணித மேதை ஆய்லர் நிரூபிச்சுட்டாரு, கையாலயே கணக்குப் போட்டு! நேர்வழில போனா வர்க்கமூலம் 46340 சொச்சம் வருது, அதுக்குள்ள நாலாயிரத்துக்கும் மேல பகா எண்கள் இருக்கு, அத்தனையாலயும் வகுத்துப் பாக்கணும். ஆனா உண்மையில 84 எண்ணால வகுத்தாலே போதும்.

ஏன்னு சின்ன எண்ல காட்டலாம். 2-ன் 11-ஆம் அடுக்குல ஒண்ணு கழிச்சா 2047, அது 23 × 89. ரெண்டுலயும் ஒண்ணு கழிச்சுப் பாருங்க, 22, 88, ரெண்டுமே 22-ன் மடங்கு, அதாவது 11-ன் இரட்டிப்போட மடங்கு. இது தற்செயல் இல்ல, ஃபெர்மாவோட சின்னத் தேற்றத்துலேர்ந்து (p ஒரு ஒற்றைப் பகா எண்ணா இருந்தா, 2-ன் p-1 ஆம் அடுக்க p-ஆல வகுத்தா மீதி 1-ன்னு சொல்றது) நேரா வர்றது. (அடுக்கு பகா எண்ணா இருந்தா விடையும் பகா எண்ணா இருக்கும்னு நினைக்கிற பசங்களுக்கும் இந்த 2047 நல்ல பதில்.) அதே மாதிரி நம்ம எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தா அதுல ஒண்ணு கழிச்சா 62-ன் மடங்கா இருக்கணும், கூடவே அந்தக் காரணிய 8-ஆல வகுத்தா மீதி 1 இல்லன்னா 7 தான் வரணும். ரெண்டு நிபந்தனையையும் சேத்தா 248-ஆல வகுக்கும்போது மீதி 1 இல்லன்னா 63. அப்படிப் பாத்தா 2, 3, 5, 7 எதையும் தொடவே வேண்டாம், 63, 249 ரெண்டும் பகா எண் இல்லாததால முதல்ல வகுக்க வேண்டியதே 311! மீதி 35 வருது. அடுத்தது நேரா 1303-க்குத் தாவிடலாம். எவ்ளோ வேலை மிச்சம்னு பாருங்க, யோசிச்சு வேலையக் குறைக்கிறதுதான கணிதம், அத விட்டுட்டு வெறும் வரையறைய மனப்பாடம் பண்ண வச்சு என்ன புண்ணியம்?

1867 வரைக்கும் மனுஷனுக்குத் தெரிஞ்ச பகா எண்கள்லயே பெருசு இதுதான். இப்போ 2024-ல கண்டுபிடிச்சதுல 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல இலக்கம் இருக்கு, அதுவும் 2-ன் அடுக்குல ஒண்ணு கழிச்சு வந்ததுதான், ஆனா அத ஒரு பையன் உக்காந்து சரிபாக்க முடியாது. 2147483647-ஐ முடியும்.

பயிற்சிக்கு 8388607 குடுங்க, அது 2-ன் 23-ஆம் அடுக்குல ஒண்ணு கம்மி. காரணி 46-ன் மடங்கோட ஒண்ணு கூட்டுனதா இருக்கணும்னு மட்டும் சொல்லுங்க, முதல் முயற்சியிலயே 47 மாட்டிக்கும், இன்னொரு காரணி 178481.