ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் போதுமா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

கோவையிலும் கொச்சியிலும் நடக்கும் மென்பொருள் மாநாடுகளுக்கு எங்கள் கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்திலிருந்தும் இளைஞர்கள் போய்வருகிறார்கள். ஒவ்வோர் உரை முடிந்ததும் ஃபீட்பேக் கேட்கிறார்கள், நல்லதுதான். கேட்கும் விதத்தில்தான் கோளாறு.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டு சராசரி போடுகிறார்கள். பத்துப் பேரில் பாதிப் பேர் 5, மீதிப் பேர் 2 போட்டாலும் சராசரி 3.5. பாதிப் பேர் 4, மீதிப் பேர் 3 போட்டாலும் அதே 3.5. முதலாவது, விஷயம் தெரிந்தவர்களுக்குப் பிடித்து, புதியவர்களுக்குத் தலைக்கு மேலே போன உரையாக இருக்கலாம். இரண்டாவது யாரையும் பெரிதாகத் தொடாத உரை. பேச்சாளர் திருத்திக்கொள்ள வேண்டியது இரண்டிலும் வேறு வேறு. பத்துப் பேர் மட்டும் போட்ட மதிப்பெண்ணில் 4.1, 4.3 வித்தியாசத்துக்கு அர்த்தமே கிடையாது. அதை வைத்து 'சிறந்த பேச்சாளர்' பரிசு கொடுப்பது வேடிக்கை.

போடுபவர்கள் ஏன் பத்துப் பேரோடு நின்றுவிடுகிறார்கள்? படிவத்தைத் திறக்க ஸ்லைடில் காட்டும் கியூஆர் கோடு ஸ்கேன் ஆக, பார்க்கும் தூரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காவது அகலம் வேண்டும். கடைசி வரிசை 20 மீட்டரில் இருந்தால் கோடு 2 மீட்டர் இருக்க வேண்டும். ஸ்லைடு மூலையில் ஒட்டினால் எப்படி எடுக்கும்? லிங்க் நீளமானால் கட்டங்கள் பொடிப்பொடியாகி இன்னும் மோசம். சுருக்கிய லிங்க்கை கழுத்து அட்டையிலேயே அச்சடித்துவிடலாம். கூகுள் ஃபார்மில் 'ஒருவருக்கு ஒரு பதில்' என்று வைத்தால் லாகின் கேட்கும். தங்கள் பெயர் அமைப்பாளருக்குத் தெரிந்துவிடுமோ என்று பலர் அங்கேயே மூடிவிடுவார்கள்.

இதைவிட எளிது, வாசலில் ஒரு பெட்டியும், பிடித்தது, பரவாயில்லை, பிடிக்கவில்லை என்பதற்குப் பச்சை, மஞ்சள், சிவப்புச் சீட்டுகளும். உரை நடக்கும்போதே பெட்டியருகே ஒரு தொண்டர் நிற்க வேண்டும், நடுவில் எழுந்து போகிறவரின் சீட்டுதான் முக்கியம். தொடக்கத்திலும் முடிவிலும் தலை எண்ணி வைத்தால் எத்தனை பேர் நடுவில் போனார்கள் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

எழுதச் சொல்வதானால் மூன்று கேள்வி போதும். எந்த இடத்தில் பிடி விட்டது? நாளை வேலையில் எதைச் செய்து பார்ப்பீர்கள்? அரங்கில் என்ன குறை? கடைசிக் கேள்வியைத் தனியாகக் கேட்காவிட்டால் மைக் கரகரப்பும் ஏசி குளிரும் பேச்சாளர் கணக்கில் ஏறிவிடும். ஸ்லைடில் கருப்புப் பின்னணியில் காட்டும் புரோகிராம் வரிகள், விளக்கு எரியும் அரங்கில் பின்வரிசைக்குச் சரியாகத் தெரியாது. வெள்ளைப் பின்னணி, 24 பாயின்ட்டுக்குக் குறையாத எழுத்து என்று பேச்சாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் வருவது 'குட்', 'நைஸ்'தான். உரை ஆங்கிலத்தில் இருந்தாலும், பதிலைத் தமிழிலோ மலையாளத்திலோ எழுதலாம், தங்கிலீஷும் சரி என்று மேலேயே போடட்டும். மென்பொருளைப் பொதிந்து இயக்கும் டாக்கர் என்ற கருவி பற்றிய உரைக்கு, "டாக்கர் இமேஜ் வரைக்கும் புரிஞ்சுது, வால்யூம் வந்ததும் விட்டுப்போச்சு" என்று ஒருவர் எழுதினால், அடுத்த முறை எந்த ஸ்லைடுக்கு முன்னால் நிதானிக்க வேண்டும் என்று பேச்சாளருக்குத் தெரிந்துவிடும்.

உச்சரிப்பு, உடை பற்றிய விமர்சனங்களை, முக்கியமாகப் பெண் பேச்சாளர்களைப் பற்றி வருபவற்றை, அமைப்பாளர்களே நீக்கிவிட வேண்டும். மற்றதை மாற்றாமல், சீட்டு எண்ணிக்கையோடு ஒரு வாரத்துக்குள் பேச்சாளருக்கு அனுப்பட்டும்.

- மென்பொருள் பணியாளர்கள் சிலர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.