மட்டக்குதிரையைத் திரும்ப விற்குமுன் எட்டு வாரம் பொறுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில், உயரமான மார்வாரிக் குதிரைகளைச் சுற்றித்தான் கூட்டமும் கேமராவும் நிற்கும். மட்டக்குதிரைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவற்றில் சில, ஏழெட்டு வயதுக்குள் நாலைந்து கை மாறியவை. ஒரு வீட்டில் செல்லக் குட்டியாக வளர்ந்து, பந்தய வண்டிக்குப் போய், வேகம் பத்தாமல் கல்யாண ஊர்வலத்துக்குப் போய், அங்கே வேட்டுச் சத்தத்துக்கு மிரண்டு, கடைசியில் கடற்கரைச் சவாரிக்கோ தோட்டத்து வீட்டுப் பிள்ளைகளுக்கோ வந்து சேர்ந்தவை. விற்பவர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: “சண்டி பண்ணுது.” அதே குதிரை, கையில் கயிறு இல்லாமல் போய் நின்றால் தானாக வந்து நெஞ்சில் முகத்தைத் தேய்க்கும். இப்படிப்பட்ட குதிரையை அடுத்த சந்தைக்கு ஓட்டுமுன் எட்டு வாரம் கொடுத்துப் பாருங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

முதல் வாரம் ஏறவே கூடாது. வாங்கும்போது எல்லாரும் சுழி, அதாவது உடம்பில் மயிர் சுழித்து நிற்கும் இடம், பார்க்கிறோம். சுழி சரியில்லை என்பதற்காகவே கை மாறும் குதிரைகளும் உண்டு. அவரவர் நம்பிக்கை அவரவருக்கு. ஆனால் சுழியைத் தேடுகிற கண், முதுகையும் வாயையும் குளம்பையும் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. முதுகெலும்பின் இரு பக்கமும் மூன்று விரல் நுனியால் முன்னிருந்து பின்னாக அழுத்திக்கொண்டே போங்கள். நோகும் இடம் வந்ததும் முதுகைக் கீழே இறக்கும், காதைப் பின்னால் மடக்கும். சேணம் உட்கார்ந்து உட்கார்ந்து கன்றிப்போன இடம் அது. அந்த முதுகில் யார் ஏறினாலும் அது நகராது. நகராததற்கு அடி வாங்கும். வாயோரத்தில் வெட்டுத் தழும்பு இருந்தால் முள் கடிவாளம் போட்டு ஓட்டியிருக்கக் கூடும். இழுவை, பொதி விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகளின்படி முள் கடிவாளம் குற்றம்.

பல்லைப் பிடித்து வயது பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். மேல் கடைவாய்ப் பற்கள் வெளி ஓரத்திலும் கீழ்ப் பற்கள் உள் ஓரத்திலும் கூராகித் தேயும். கன்னமும் நாக்கும் கிழிபடும். மென்ற புல்லை உருண்டையாகத் துப்புவதும், லகானை இழுத்ததும் தலையை மேலே எறிவதும் இதன் அறிகுறிகள். கால்நடை மருத்துவர் வருடத்துக்கு ஒரு தடவை பல்லை அராவிவிட்டால் போதும். குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். கை மாறிக்கொண்டே இருக்கும் குதிரைக்கு இதுதான் முதலில் தவறிப்போகிறது. போன மாதம் சீவியாகிவிட்டது என்று விற்பவர் சொல்வார், வாங்கியவர் நம்புவார். ரத்தத்தில் சர்ரா கிருமி இருந்தால் குதிரை மெலிந்து சோர்ந்து நிற்கும். அதைச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்து விற்றுவிடுகிறார்கள். சர்ராவுக்கும் கிளாண்டர்ஸுக்கும் ரத்தப் பரிசோதனை, ரணஜன்னித் தடுப்பூசி, குடற்புழு நீக்கம் மூன்றையும் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும் நோய் என்பதால், முடிவு தெரியும்வரை மற்றக் குதிரைகளோடு சேர்த்துக் கட்டக் கூடாது, தண்ணீர்த் தொட்டியும் தனியாக இருக்கட்டும்.

அடுத்தது பாரம். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்த சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து புட்டத்து எலும்பு வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை கிலோவில் ஏறத்தாழக் கிடைக்கும். அளவுகள் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். சுற்றளவு 136, நீளம் 130 என்றால் சுமார் 202 கிலோ. சேணத்தையும் சேர்த்து எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது. இந்தக் குதிரைக்கு 40 கிலோ. பத்து வயதுப் பிள்ளைக்குச் சரி. 70 கிலோ ஆள் ஏறினால் அது நட்டுக்கொண்டு நிற்பதில் என்ன சண்டித்தனம் இருக்கிறது?

தீனியிலும் தவறு நடக்கிறது. மெலிந்து வந்திருக்கிறது என்று இரக்கப்பட்டு முதல் நாளே இரண்டு கிலோ கொள்ளும் தவிடும் வைப்பார்கள். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. திடீர்த் தீனி மாற்றம் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும், உயிரும் போகலாம். அதிகத் தானியம் மட்டக்குதிரையின் குளம்புக்குள் அழற்சியை உண்டாக்கும். முன்னங்காலை முன்னே நீட்டிப் பின்பக்கம் சாய்ந்து நின்றால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். பழைய இடத்தில் என்ன தின்றது என்று கேட்டு, அதே தீனியைத் தொடர்ந்து, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். 200 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு மூன்றிலிருந்து நாலு கிலோ காய்ந்த புல்லோ சோளத்தட்டோ அடிப்படைத் தீனி. பசும்புல்லாகப் போட்டால் எடை அதைப்போல் நாலைந்து மடங்கு வரும். ஊறவைத்து வேகவைத்த கொள்ளு அரைக் கிலோவுக்கு மேல், வேலை செய்யாத குதிரைக்குத் தேவையில்லை. வேலை இல்லாமல் கொள்ளு தின்ற குதிரை துள்ளும், கடிக்கும். அதற்கும் சண்டி என்றுதான் பெயர் வரும். கல்லுப்பும் தண்ணீரும் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இனிப் பழக்கும் வேலை. கை மாறிய குதிரைக்குப் பாடம் தெரியாமல் இல்லை. ஒன்றுக்கொன்று முரணான பல பாடங்கள் தெரியும். ஒருவர் குதிகாலால் இடித்தால் போகவேண்டும் என்று பழக்கியிருப்பார், இன்னொருவர் நாக்கைச் சொடுக்கிப் பழக்கியிருப்பார், மூன்றாமவர் சாட்டை மட்டுமே காட்டியிருப்பார். அதனால் முதல் எட்டு வாரமும் ஒரே ஆள் பழக்குவது நல்லது. நிற்க ஒரு சொல், நடக்க ஒரு சொல் போதும். வீட்டில் எல்லாரும் அதே சொல்லைத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வாரம் பிடிபடுவதற்கு. முகத்துக்கு நேரே போகாதீர்கள். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது. தோள் பக்கமாக, பேசிக்கொண்டே நடந்து போங்கள். தலையைத் திருப்பி விலகப் பார்த்தால் அங்கேயே நில்லுங்கள். உங்களைத் திரும்பிப் பார்த்த நொடியில் ஓரடி பின்வாங்குங்கள். அது தேடுவது அந்த இடைவெளியைத்தான். பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் நகத்தால் நன்றாகச் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது, அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பே தணியும். பிறகு முகக்கயிற்றைக் கழுத்தில் தொட்டு எடுத்துக்கொண்டு, கட்டாமல் வந்துவிடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. வெல்லத்தையோ கேரட்டையோ கையிலிருந்து ஊட்ட வேண்டாம், தட்டில் போடுங்கள். கையில் வாங்கித் தின்று பழகிய மட்டக்குதிரை பத்தாம் நாள் சட்டைப் பையைக் கடிக்கும்.

மூன்றாம் வாரம் நடத்துவதற்கு. மூன்றரை மீட்டர் நீளம், கட்டைவிரல் கனமுள்ள பருத்திக் கயிறு வேண்டும். நைலான் கயிறு கையை அறுக்கும். எந்தக் கயிறானாலும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. நட்டுக்கொண்டு நிற்கும் குதிரையை நேர் முன்னால் இழுத்தால் அது பின்னால் இழுக்கும். ஆளை விட அது பலசாலி, ஜெயித்துவிடும். பக்கவாட்டில் போய் நின்று, தலை சற்றுத் திரும்பும்படி, இரண்டு விரலால் இழுக்கிற அளவு மட்டும் அழுத்தம் கொடுத்துக் காத்திருங்கள். அரை நிமிடம் ஆகலாம், இரண்டு நிமிடமும் ஆகலாம். காலைத் தூக்க வேண்டியதில்லை, உடல் பாரம் ஒரு பக்கம் சாய்ந்தாலே போதும், அதே நொடியில் கயிற்றை முழுதும் தளர்த்திவிடுங்கள். குதிரை கற்றுக்கொள்வது இழுப்பிலிருந்து அல்ல, தளர்விலிருந்து. மூன்று நொடி தாமதித்துத் தளர்த்தினால் எதற்காகத் தளர்ந்தது என்று அதற்குப் புரியாது. முதல் நாள் மூன்று அடி நடந்தால் அன்றைய வேலை முடிந்தது.

பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். அது தலையைப் பின்னுக்கு வெட்டும், ஆள் பயந்து கயிற்றை விடுவார். வெட்டினால் கயிறு தளரும் என்பதே அன்றைய பாடமாகிவிடும். அல்லது பின்னால் ஒருவரைக் குச்சியோடு நிறுத்துவார்கள். முன்னால் இழுப்பு, பின்னால் அடி, போக இடமில்லாமல் உதைக்கும். இன்னொன்று: முன்பு பலித்துவந்த தந்திரம் திடீரென்று பலிக்காதபோது, குதிரை அதை விடுமுன் இன்னும் பலமாகச் செய்து பார்க்கும். நாலைந்தாம் நாள் வாக்கில், முதல் நாளைவிட மோசமாக வெட்டும், முன்னங்காலைத் தூக்கும். பல மட்டங்கள் விற்கப்படுவது சரியாக இந்தக் கட்டத்தில்தான். அதே இரண்டு விரல் அழுத்தத்தோடு, கோபப்படாமல், கைகாலுக்கு எட்டாத தூரத்தில் நின்று அந்த நாட்களைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்குப் பின்னும் மோசமாகிக்கொண்டே போனால் வலி எங்கோ மிச்சமிருக்கிறது. முதல் வாரத்துச் சோதனைக்குத் திரும்புங்கள்.

குளம்பு தூக்கப் பழக்குவதை லாடம் கட்டுபவர் வரும் நாளுக்கு என்று ஒத்திப்போடாதீர்கள். தோளிலிருந்து கையைக் கீழே ஓட்டி, ஒரு நொடி தூக்கி, அது உதறுமுன் நீங்களே கீழே வையுங்கள். அடுத்த நாள் மூன்று நொடி, பிறகு ஐந்து. ஒரு நிமிடம் நின்றால் அவரைக் கூப்பிடலாம்.

ஐந்து, ஆறாம் வாரங்களில் முதுகில் துணி, பிறகு சேணம். வயிற்றுவாரை ஒரே இழுப்பில் இறுக்காமல், நடுவில் சில அடி நடத்தி, மூன்று தவணையாக இறுக்குங்கள். ஏறுவதற்கு முன் இரண்டு நீளக் கயிறுகளைப் பூட்டி, பின்னால் பக்கவாட்டில் நடந்து, திரும்பவும் நிற்கவும் பழக்க வேண்டும். எடை குறைந்த, அனுபவமுள்ள பிள்ளை ஏழாம் வாரம் ஏறலாம். பத்து நிமிடம், ஒரு பெரியவர் கயிற்றைப் பிடித்திருக்க. கடற்கரையில் ஓடிய குதிரை, தினமும் திரும்பிய தூரம் வந்ததும் தானாகத் திரும்பும். அதை அடிக்காமல், அந்த இடத்துக்கு முன்பே ஒரு நாள் நிறுத்தி, ஒரு நாள் தாண்டிப்போய் இறங்குங்கள். ஊர்வலக் குதிரைக்கு மேளத்தை ஐம்பது மீட்டர் தூரத்தில், அது தின்றுகொண்டிருக்கும்போது மெதுவாக வாசிக்கச் செய்யுங்கள். மெல்லுவதை நிறுத்தினால் கிட்டே வந்துவிட்டோம் என்று பொருள், பின்வாங்க வேண்டும்.

தனியாகக் கட்டிவைத்து இதையெல்லாம் செய்தால் பாதிதான் பலிக்கும். குதிரை கூட்டத்தில் வாழும் உயிர். ஒவ்வொரு தடவை விற்கும்போதும் அது பழகிய துணையை இழக்கிறது. இன்னொரு மட்டம் இல்லாவிட்டால் ஒரு வெள்ளாடாவது பக்கத்தில் இருக்கட்டும்.

ஒரு கோரிக்கை. மட்டக்குதிரைகள் 25, 30 வருடம் வாழக்கூடியவை. எட்டு வாரம் பழக்கிய பிறகும் விற்க நேரிடலாம். சந்தை நடத்துவோரும் கால்நடை பராமரிப்புத் துறையும் விற்பவர் கையில் ஓர் அட்டை கொடுக்கச் சொல்ல வேண்டும். பிறந்த வருடம், தடுப்பூசி, ரத்தப் பரிசோதனைத் தேதிகள், கடைசியாகக் குளம்பு சீவிய நாள், தின்றுவந்த தீனி, போட்டுவந்த கடிவாளம், எதற்கு மிரளும், நிற்கவும் நடக்கவும் சொல்லிவந்த சொற்கள் ஆகியவை அதில் இருக்கட்டும். அட்டை வரும்வரை விற்பவர்களே இவற்றை ஒரு தாளில் எழுதி, குதிரையின் பழைய முகக்கயிற்றோடு சேர்த்துக் கொடுத்தனுப்பலாம்.

இப்படிக்கு,
மட்டக்குதிரை வளர்ப்போர் சிலர்,
ஈரோடு மாவட்டம்