கேட்காமலே அறிவிக்கப்பட்ட போர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாளை நினைவுகூரும் முழுமைத் தற்காப்பு தினத்தையொட்டித் தங்கள் நாளிதழில் வெளியான, இரண்டாம் உலகப் போர்க்காலத் தலைவர்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சர்ச்சிலுக்கும் ரூஸ்வெல்ட்டுக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்த கட்டுரையாளர், இந்தியா அந்தப் போருக்குள் வந்த விதத்தை ஒரே வரியில் கடந்துவிட்டார். சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அது ஒரு வரிச் செய்தி அன்று.

1939 செப்டம்பர் 3ஆம் தேதி பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்த அன்றே, இந்தியாவும் போரில் இருப்பதாக வைஸ்ராய் லின்லித்கோ பிரகடனம் செய்தார். மத்தியச் சட்டசபையையோ மாகாண அமைச்சரவைகளையோ அவர் கலந்தாலோசிக்கவில்லை. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி பாதுகாப்பும் வெளியுறவும் அவர் கையில் இருந்ததால், ஆலோசிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அதே வாரத்தில் தென்னாப்பிரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். நடுநிலை வகிக்க விரும்பிய பிரதமர் ஹெர்ட்ஸாக்கை, அவருடைய அமைச்சரவையிலேயே இருந்த ஸ்மட்ஸ் எதிர்த்து நின்றார். செப்டம்பர் 4ஆம் தேதி நாடாளுமன்ற வாக்கெடுப்பில் 80க்கு 67 என்று தோற்ற ஹெர்ட்ஸாக் பதவி விலக, ஸ்மட்ஸ் பிரதமராகிப் போரை அறிவித்தார். (அந்த நாட்டின் கறுப்பின மக்களுக்கும் நேட்டால் தமிழர்களுக்கும் அந்த மன்றத்தில் ஏறக்குறைய குரலே கிடையாது என்பது வேறு கதை.) கனடாவும் நாடாளுமன்ற ஒப்புதலுக்குப் பிறகே, செப்டம்பர் 10ஆம் தேதி, போரில் இறங்கியது.

கேட்டிருந்தால் இந்தியா மறுத்திருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. இத்தாலியின் பாசிசத் தலைவர் முசோலினி அழைத்தும் சந்திக்க மறுத்தவர் நேரு. 1938இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினுக்கே சென்று, பாசிசத்தை எதிர்த்த குடியரசுத் தரப்புக்கு ஆதரவு தெரிவித்தவர். போரின் நோக்கங்களில் இந்திய விடுதலையும் அடங்குமா என்று காங்கிரஸ் கேட்டது. தெளிவான பதில் வராததால், சென்னையில் ராஜாஜியின் அமைச்சரவை உட்பட, காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. கூட வரக்கூடியவர்களையே விலக்கி நிறுத்திய இந்த அவசரத்தைத் தலைமைத்துவம் என்று என்னால் எண்ண முடியவில்லை.

இதில் நம் ஊருக்கு நேரடித் தொடர்பு உண்டு. போர் மூளும் முன்பே, 1939 ஆகஸ்ட்டில், இந்தியப் படைப்பிரிவு ஒன்று சிங்கப்பூருக்கு வந்துவிட்டது. சட்டசபையின் சம்மதமின்றி எகிப்துக்கும் சிங்கப்பூருக்கும் துருப்புகளை அனுப்பியதைக் கண்டித்து, சபையின் அடுத்த கூட்டத்தொடருக்குப் போக வேண்டாம் என்று வார்தாவில் கூடிய காங்கிரஸ் காரியக் கமிட்டி தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. 1942 பிப்ரவரி 17ஆம் தேதி ஃபேரர் பார்க் திடலில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்ட பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களில் ஒரு பெரும் பகுதியினர் ஏன் இந்திய தேசிய ராணுவத்துக்குப் போனார்கள் என்பதை இந்தப் பின்னணி தெரியாமல் புரிந்துகொள்வது கடினம். 1943 அக்டோபரில் இங்குள்ள கேத்தே கட்டடத்தில் அமைந்த சுபாஷ் சந்திர போஸின் தற்காலிக இந்திய அரசு பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர் அறிவித்தபோதும் எவரும் வாக்களிக்கவில்லை. மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள் அந்த அரசுக்குத் திரளாகப் பணமும் ஆளும் கொடுத்தார்கள். ஆயினும், ஜப்பானியர் கட்டாய உழைப்பில் அமைத்த சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்படுவோமோ என்று அஞ்சிச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்ததால், அதையும் முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன்.

சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ள 24,000க்கும் மேற்பட்ட பெயர்களில் இந்தியப் பெயர்கள் நிறைய உண்டு. படைப்பிரிவு வாரியாக, ஹவில்தார், நாயக், சிப்பாய் என்று பதவி வாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பள்ளி மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வோர், அந்தச் சிப்பாய்கள் எப்படி இறந்தார்கள் என்பதோடு, யாருடைய முடிவின்பேரில் இங்கே வந்தார்கள் என்பதையும் சொல்லலாம். வார்தா தீர்மானத்தையும் சென்னை அமைச்சரவையின் பதவி விலகலையும் விரிவாகச் சொல்லும் கட்டுரை ஒன்றைத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈசூன்