எந்தச் சென்னையின் கணக்கு?

பெருநகர சென்னை மாநகராட்சி மேயர் அவர்களுக்கும், 200 வார்டுகளின் மன்ற உறுப்பினர்களுக்கும், ஆணையர் அவர்களுக்கும் வணக்கம்.

காய்ச்சல் குறைந்தது, தொழில் பெருகியது, குற்றம் குறைந்தது என்று மூன்று அலுவலகங்களிலிருந்து மூன்று அறிக்கைகள் வருகின்றன. அவை பொய் என்று சொல்ல வரவில்லை. மலேரியா ஒன்றே போதும். ஒரு காலத்தில் தமிழ்நாட்டு மலேரியா நோயாளிகளில் பெரும்பங்கு சென்னைக்காரர்கள்தான். கிணறு கிணறாக, மொட்டை மாடித் தொட்டி தொட்டியாக ஏறி இறங்கிய பணியாளர்களால்தான் அந்த நிலை மாறியது. சுகாதாரத்திலும் தெரு வியாபாரிகள் மத்தியிலும் சட்ட உதவியிலும் வேலை செய்யும் எங்களுக்கு இருக்கும் கேள்வி வேறு. இந்த எண்களெல்லாம் எந்தச் சென்னையைச் சேர்ந்தவை?

2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 155 வார்டுகள் 200 ஆயின. காவல் துறையின் எல்லையோ எதிர்ப்பக்கம் நகர்ந்தது. 2022 ஜனவரி 1 முதல் ஆவடி, தாம்பரம் காவல் ஆணையரகங்கள் தனியே பிரிந்தன. அம்பத்தூர்க்காரர் சொத்து வரி கட்டுவது உங்களிடம், புகார் கொடுப்பது ஆவடி ஆணையரகத்தில். கண்ணகி நகர் உங்கள் சோழிங்கநல்லூர் மண்டலம், ஆனால் அந்தப் பிரிவினையில் போனது தாம்பரம் ஆணையரகத்துக்கு. ஆகவே 2021ஆம் ஆண்டின் ‘சென்னைக் குற்றங்கள்’ எண்ணிக்கைக்குப் பக்கத்தில் 2022இன் எண்ணிக்கையை வைத்தால், ஒரு திருடனும் திருந்தாமலே குற்றம் குறைந்திருக்கும். எல்லை மாற்றத்தை அடிக்குறிப்பாகக்கூடப் போடாத ஒப்பீட்டை மன்றத்தில் யாரும் ஏற்கக் கூடாது.

இறப்புக் கணக்கில் இதே கோளாறு தலைகீழாக இருக்கிறது. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கும், ஸ்டான்லிக்கும், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கும் பல மாவட்டங்களிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். வெளியூர்க் குழந்தை எழும்பூரில் இறந்தால் அது சென்னையின் சிசு மரணமாகப் பதிவாகிறது. அந்த எண்ணை வைத்துச் சென்னையைக் குறை சொல்வதும் தவறு, அடுத்த ஆண்டு அது குறைந்தால் கொண்டாடுவதும் தவறு. படிவத்தில் நிரந்தர முகவரி இருக்கிறது. அதைக் கொண்டு குடியிருப்புவாரியாக இன்னொரு அட்டவணை போட ஓர் எழுத்தரும் சில நாட்களும் போதும். அட்டவணைகளை ஒப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020இலேயே பார்த்தோம். மாநகராட்சியின் இறப்புப் பதிவேடும் மாநிலப் பட்டியலும் ஒத்துப்போகாமல், விடுபட்ட 444 கோவிட் மரணங்கள் ஜூலை 22 அன்று ஒரே நாளில் கணக்கில் ஏறின.

டெங்குவுக்கு வருவோம். புகை மருந்து வண்டி தெருவில் வந்தால் மக்களுக்கு ஒரு நிம்மதி, கவுன்சிலருக்கு ஒரு புகைப்படம். புகை, பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பெரும்பாலும் வீட்டுக்குள், கட்டிலுக்கடியிலும் தொங்கும் துணிக்குப் பின்னாலும் ஒதுங்குவது. தெருப் புகை அங்கே எட்டுவதில்லை. கூவத்திலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் பெருகுவது வேறு இனமான க்யூலெக்ஸ். கால்வாயைத் தூர்வாருங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அந்தச் செலவை டெங்குத் தடுப்பு என்று எழுதாதீர்கள். ஏடிஸுக்கு வேண்டியது நல்ல தண்ணீர். முட்டையிலிருந்து கொசுவாக நம் வெயிலில் ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டைகள் டிரம்மின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக் கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தேய்க்காமல் மறுபடி நிரப்பினால் அவை பொரிக்கும். வாரம் ஒருமுறை நார் போட்டுத் தேய்க்கச் சொல்வது அதனால்தான்.

தொட்டிக்கு ஊற்றும் கொசுப்புழு மருந்தான டெமிஃபாஸின் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். 50 சதவீத மருந்தென்றால் 1,000 லிட்டர் தொட்டிக்கு 2 மில்லி. பணியாளர் கையளவில் ஊற்றினால் தண்ணீரில் வாடை வரும். அடுத்த முறை அந்த வீட்டுக் கதவு திறக்காது. ஒவ்வொருவர் பையிலும் அளவுக் குறியிட்ட ஒரு சிரிஞ்சு இருந்தால் தீரும் பிரச்சினை இது.

நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு என்பதுதான் வீட்டுக் குறியீடு. அது குறைந்துவிட்டது என்று அறிக்கை வரும்போது ஒன்றைக் கேளுங்கள்: பூட்டிய வீடுகளும், மொட்டை மாடிச் சாவி கிடைக்காத அடுக்ககங்களும் எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டன? ‘புழு இல்லை’ என்ற கட்டத்தில் விழுந்திருந்தால் அந்தக் குறியீட்டுக்குப் பொருளே கிடையாது. பார்க்க முடியாத வீடுகளுக்கென்று தனிக் கட்டம் வேண்டும். அந்த எண் கூடும் தெருவுக்குத்தான் அடுத்த வாரம் மேற்பார்வையாளர் நேரில் போக வேண்டும்.

நோயாளி எண்ணிக்கையிலும் ஓட்டை உண்டு. அரசுத் திட்டம் ஏற்பது ஆய்வகத்தில் செய்யும் எலைசா முறை ரத்தப் பரிசோதனையை. சிறிய கிளினிக்குகளில் செய்வது உடனடி முடிவு தரும் கார்டு டெஸ்ட். அதில் ‘பாசிட்டிவ்’ வந்தவரின் ரத்த மாதிரி எலைசாவுக்குப் போகாவிட்டால் அவர் கணக்கிலேயே இல்லை. மாதிரியை எடுத்துப்போக வார்டுக்கு ஒரு ஆள் நியமித்த முதல் மாதத்தில் டெங்கு எண்ணிக்கை கட்டாயம் ஏறும். அதைத் தோல்வி என்று எழுத வேண்டாமென ஊடகங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் டிரம் ஏன் நிற்கிறது? குழாயில் தினமும் தண்ணீர் வராததால். குழாய் உங்கள் கையில் இல்லை, குடிநீர் வாரியத்தின் கையில் இருக்கிறது. விட்டு விட்டு வரும் தண்ணீரால் இன்னொரு கேடும் உண்டு. அழுத்தம் இறங்கும் நேரத்தில் யாராவது குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சினால், விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே வரும். குளோரின் அளவை நீரேற்று நிலையத்தில் பார்த்துத் திருப்தி அடைவதில் பயனில்லை. தெருக்கோடியின் கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிஞ்சியிருக்கிறதா என்பதே சோதனை. வயிற்றுப்போக்கு கிளம்பிய பிறகு எடுக்கும் மாதிரி கோப்புக்குத்தான் உதவும்.

பொருளாதாரத்தைச் சுருக்கமாகவே சொல்கிறோம், ஏனென்றால் இதில் உங்களிடம் நல்ல அளவுகோலே இல்லை. சொத்து வரி வசூல் கூடியதற்கு 2022இன் விகித உயர்வும் காரணம். தொழில் உரிமங்கள் கூடுவது பல நேரம் புதுக் கடைகளால் அல்ல, பழைய கடைகளைப் பிடித்து உரிமம் எடுக்க வைத்ததால். தெரு வியாபாரிகளுக்கான கடன் திட்டம் 2020இல் தொடங்கியபோது முதல் கடன் 10,000 ரூபாய், அடைத்தால் அடுத்தது 20,000, பிறகு 50,000. முதல் கடன் வாங்கியோர் தொகையை மட்டும் சொல்லாதீர்கள். இரண்டாவதுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லுங்கள், வியாபாரம் நிற்கிறதா என்பது அதில் தெரியும். 2014 சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் அவர்கள் வந்தார்களா, என்ன பேசினார்கள் என்பதைக் கூட்டக் குறிப்பில் வெளியிடுங்கள்.

இனி குற்றம். செல்போனைப் பறிகொடுத்தவர் காவல் நிலையம் போனால் கையில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வந்ததற்கான ஒப்புகைச் சீட்டு. சில இடங்களில் ‘தொலைந்துவிட்டது என்று எழுதிக்கொடுங்கள், சீக்கிரம் முடியும்’ என்ற ஆலோசனையும் கிடைக்கும். இரண்டுமே குற்றப் புள்ளிவிவரத்தில் ஏறாது. ஏறுவது முதல் தகவல் அறிக்கை மட்டுமே. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக்கு 304 என்று தனிப் பிரிவே இருக்கிறது. பழைய சட்டத்தில் அது திருட்டு, வழிப்பறி என்று பல பிரிவுகளில் சிதறிக் கிடந்தது. எனவே இதிலும் முன்–பின் ஒப்பீடு கவனமாகச் செய்ய வேண்டியது.

மூன்று ஆணையரகங்களிடமும் மாமன்றம் கேட்க வேண்டியது எளிது: ஒவ்வொரு நிலையத்திலும் வந்த புகார், கொடுத்த சி.எஸ்.ஆர்., அவற்றில் எஃப்.ஐ.ஆர். ஆனவை. இடைவெளி சுருங்கினால் பதிவான குற்றம் கூடும். ஆயிரம் விளக்கில் 1992இல் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்ததே வராத புகார்களை வரவைக்கத்தான். பதிவு கூடியதற்காக ஆய்வாளரை மாற்றினால் அடுத்து வருபவர் ரசீதுப் புத்தகத்தைத்தான் எடுப்பார்.

கண்காணிப்புக் கேமராக்கள் சங்கிலிப் பறிப்பு வழக்குகளில் உதவியிருக்கின்றன, மறுக்க மாட்டோம். ஆனால் எத்தனை பொருத்தினோம் என்ற எண் பழையது. இன்று எத்தனை ஓடுகின்றன? ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேல் புதியது ஏறும். புகார் தாமதமானால் காட்சி போய்விடும். பெட்டியின் கடிகாரம் பத்து நிமிடம் பிந்தியிருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது போதும். மின்னணுப் பதிவுகளுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்று இல்லாமல் பென்டிரைவை மட்டும் கொடுத்தால் நீதிமன்றத்தில் சிக்கல். லென்ஸைத் துடைப்பது, கடிகாரத்தைத் திருத்துவது, மறைக்கும் கிளையை வெட்டுவது ஆகிய மூன்றையும் மாதம் ஒருமுறை செய்ய உங்கள் மின் பிரிவு ஊழியர்களால் முடியும். அவர்கள் எப்படியும் அந்தக் கம்பத்துக்கு வருகிறவர்கள். வரும்போது தெருவிளக்குக்கு மின்சாரம் பிரிக்கும் பில்லர் பாக்ஸையும் திறந்து பார்க்கட்டும். மழைநீர் இறங்கிய ஒரு பெட்டியால் ஒரு தெருவே இருண்டு கிடக்கும், மாநகராட்சியின் 1913 எண்ணில் கொடுத்த புகாரோ ‘முடிக்கப்பட்டது’ என்று காட்டும்.

வார்டு குழுவும் பகுதி சபையும் சட்டத்தில் இருக்கின்றன. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூடின. அந்தக் கூட்டத்தில் வார்டுக்கு ஒரு தாள் வையுங்கள்: பார்க்க முடியாத வீடுகள், கடைசிக் குழாயின் குளோரின், எரியாத விளக்கு எத்தனை நாளாக, ஓடாத கேமரா, சி.எஸ்.ஆர்.–எஃப்.ஐ.ஆர். இடைவெளி. சுகாதார ஆய்வாளர், வாரியப் பொறியாளர், காவல் ஆய்வாளர் மூவரும் அதே மேசையில் உட்கார்ந்து கையெழுத்திடட்டும்.

ஒரு நிபந்தனை. அந்தத் தாளில் குற்றம் நடந்த இடம் இருக்கலாம். கைதானவரின் முகவரியோ பகுதிப் பெயரோ எங்கும் வரக் கூடாது. நகரின் நடுவிலிருந்து பெயர்த்து கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் குடியமர்த்தப்பட்டவர்களுக்கு, விண்ணப்பத்தில் முகவரியைப் பார்த்ததுமே வேலை இல்லை என்று திருப்பி அனுப்பும் நிறுவனங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மாநகராட்சி முத்திரையுடன் அந்த நிறுவனங்களுக்கு இன்னொரு காரணத்தைக் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
சுகாதாரம், தெரு வியாபாரம், சட்ட உதவித் துறைகளில் பணியாற்றுவோர்